தார் வண்டிக்கு எந்த டிராலி ஜாக்கி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2021-இல் வாங்கிய, நான்கு சக்கர இயக்கம் கொண்ட மஹிந்திரா தார் டீசல் வண்டி உள்ளது. ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, நீர் தேங்கிய சாலைகளில் சில நாள் ஓட்ட நேர்ந்தது. அதிலிருந்து, மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கர டிரம்களைக் கழற்றித் துடைப்பது, டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்யப் பழகிவருகிறேன். சிறிய காருக்காக வாங்கிய, சக்கரங்களில் உருளும் இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது; அதை முழுவதும் உயர்த்தினாலும் தாரின் பின் ஆக்சிலைத் தொடவில்லை. ஜாக்கியின் தலையில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். மூன்று டன் ஜாக்கிதான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? வாசலில் பாதி மணல், பாதி சிமெண்டுத் தளம்.
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மூன்று டன் ஜாக்கியை வாங்கச் சொன்னவரைக் கேளுங்கள். ஆனால் அவர் டன் கணக்கைக் காரணமாகச் சொல்லியிருந்தால், முடிவு சரி, காரணம் வேறு. உங்கள் வண்டியின் எடை ஏறத்தாழ 1,750 கிலோ. ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் தூக்கும்போது ஜாக்கியின் மேல் விழுவது ஏறக்குறைய 500 கிலோ. முன்புறம் முழுவதையும் தூக்கினாலும் ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் வரும். எடையை மட்டும் பார்த்தால் இரண்டு டன் ஜாக்கி தாராளம். தடையாக நிற்பது உயரம்.

தாரின் டயர் 255/65 ஆர்18 என்றால், அதன் விட்டம் 789 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 16 அங்குல ரிம் உள்ள வகையிலும் பெரிய வேறுபாடு இல்லை. வண்டியின் பாரத்தில் டயர் சற்று அமுங்குவதைக் கழித்தால், பின் ஆக்சிலின் மையம் தரையிலிருந்து சுமார் 380 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆக்சில் குழாயின் பாதித் தடிமனையும் கழித்தால், குழாயின் அடிப்பக்கம் 340 மில்லிமீட்டரை ஒட்டி வரும். சிறிய காருக்கு விற்கப்படும் இரண்டு டன் ஜாக்கிகளில் பல 330 அல்லது 350 மில்லிமீட்டரில் நின்றுவிடுகின்றன. வண்டியைத் தூக்க வேண்டிய இடத்திலேயே அந்த ஜாக்கியின் உயரம் முடிந்துபோகிறது என்பதால்தான் உங்களுடையது ஆக்சிலை எட்டவில்லை. தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர் என்று விளம்பரங்களில் படித்துவிட்டு, 330 மில்லிமீட்டர் உயரும் ஜாக்கி போதும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்த 226 என்பது வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்கும் பகுதிக்கான அளவு. நாம் ஜாக்கி வைக்கும் இடத்துக்கான அளவு அன்று.

ஆக்சில் குழாயில் ஜாக்கி வைத்துத் தூக்கினால், டயர் தரையை விட்டு எழும்ப இன்னும் ஓர் அங்குலம், சக்கரத்தைக் கழற்றி மாட்ட மேலும் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும், 400 மில்லிமீட்டர் வரை போக வேண்டும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஜாக்கி வைத்தால் கணக்கே மாறிவிடும். அப்போது முதலில் உயர்வது வண்டியின் உடல் மட்டுமே. சுருள்வில் விரிந்து, ஆக்சில் தொங்கும் எல்லை வரை தொங்கிய பிறகுதான் சக்கரம் தரையை விடும். அதற்குள் நான்கைந்து அங்குலம் வீணாகக் கழிந்துவிடும். ஆகவே டேப்பை எடுத்து, வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஆக்சில் குழாயின் அடிப்பக்கத்தையும், கையேடு காட்டும் சேஸிஸ் இடத்தின் அடிப்பக்கத்தையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். ஜாக்கியைக் கடைசி எல்லை வரை நீட்டி வேலை செய்வது நல்லதன்று என்பதால், உங்கள் தேவைக்கு மேல் இரண்டு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். 500 மில்லிமீட்டருக்கு மேல் உயரும் ஜாக்கிகள் பெரும்பாலும் மூன்று டன் வகையிலேயே கிடைக்கின்றன. நான் மூன்று டன்னைப் பரிந்துரைப்பதன் காரணம் இதுதான். அவற்றின் உடல் நீளமாகவும் சக்கரங்கள் அகலமாகவும் இருப்பது கூடுதல் நன்மை: பின்புறமிருந்து ஆக்சில் வரை ஜாக்கியை உள்ளே தள்ளிய பிறகும், கைப்பிடி பம்பரில் இடிக்காமல் மேலும் கீழும் ஆட இடம் இருக்கும். மிகத் தாழ்வாக நுழையும் ஜாக்கிகளுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அவை தரையை ஒட்டிய கார்களுக்கானவை. அமெரிக்க அளவில் எழுதப்பட்ட மூன்று டன் என்பது சுமார் 2,720 கிலோதான் என்பதையும் நினைவில் வைத்து, பெட்டியின் மேல் கிலோவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மரக்கட்டை யோசனையை நான் ஏற்கவில்லை. ஜாக்கியின் தலை கிண்ணம்போல் குழிந்திருப்பதே உருண்டையான குழாய் வழுகாமல் அமர்வதற்காகத்தான். அதன் மேல் தட்டையான கட்டையை வைத்தால் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. கட்டை பிளந்தாலும் சாய்ந்தாலும் வண்டி இறங்கிவிடும். அந்த ஜாக்கிக்கென்றே அதன் தயாரிப்பாளர் விற்கும் உயர நீட்டிப்பு கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம்.

உங்கள் வாசலைப் பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. இதைப் பலர் கேட்பதே இல்லை. டிராலி ஜாக்கியின் கை நேர்க்கோட்டில் உயர்வதில்லை, வில்போல் வளைந்து உயர்கிறது. அதனால் தலை மேலே போகப் போக, ஜாக்கி தன் சக்கரங்களில் சற்று உருண்டு தன்னைச் சரிசெய்துகொண்டாக வேண்டும். மணலில் சக்கரங்கள் புதைந்துவிட்டால் ஜாக்கி உருளாது. அப்போது தலை ஆக்சிலை இழுக்கும், அல்லது ஆக்சிலிலிருந்து வழுகும். புதுச்சேரியில் நான் முன்பு குடியிருந்த வீட்டின் முற்றத்தில் சதுரக் கற்கள் பதித்திருந்தார்கள். இரு கற்களின் இடைவெளியில் ஜாக்கியின் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது தெரியாமல் நான் பம்ப் செய்துகொண்டே போனேன். தலை நழுவி, வண்டியின் பின்புறம் சட்டென்று இறங்கியது. தூக்கத் தூக்க, பாரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புக் காலான ஸ்டாண்டையும் பல் பல்லாக உயர்த்தி அடியில் வைத்துக்கொண்டே வரும் பழக்கம் இருந்ததால், இரண்டு அங்குலம் இறங்கி ஸ்டாண்டின் மேல் நின்றது. அந்தப் பழக்கத்தை நீங்களும் கைக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வேலையைச் சிமெண்டுத் தளத்தில் மட்டும் செய்யுங்கள். வண்டியையும் ஜாக்கியையும் சேர்த்தே தளத்தில் நிறுத்த இடம் போதாவிட்டால், வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டாண்டு தனிச் செலவு அன்று. ஜாக்கியின் விலையிலேயே அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்று டன் தாங்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்குங்கள், அவையும் உங்கள் ஆக்சில் உயரத்துக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் எதற்கும் அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது.

நான்கு சக்கர இயக்க வண்டிக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் சக்கரங்களுக்குப் பிடிப்பு இல்லை. ஆகவே லீவரை, நான்கு சக்கரங்களும் இயங்கும் 4எச் நிலையில் வைத்து, கியரும் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிரம் கழற்றக் கைப்பிரேக்கைத் தளர்த்த வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் வேலையில் கட்டைகளே உயிரைக் காப்பவை. பழைய வில்லிஸ் வகை ஜீப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய உடனே டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பிடிப்பு கைநழுவி, வண்டி நகர்ந்துவிடும். எந்த வண்டியானாலும், ஒரு சக்கரம் மேலே இருக்கும்போது எஞ்சினை ஓடவிட வேண்டாம். 4எச் நிலையிலோ, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் உள்ள டிஃபரன்ஷியலிலோ தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும்.

கேள்வி: எங்கள் மூன்று டன் ஜாக்கி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது முழு உயரம் எழுவதில்லை; பாரத்தோடு விட்டால் அரை மணி நேரத்தில் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. பிரேக் ஆயில் ஊற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். அலுமினிய ஜாக்கி வாங்கினால் உப்புக்காற்றில் கெடாதா?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம்

பதில்: பிரேக் ஆயிலைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஜாக்கியின் ரப்பர் சீல்களை ஊதி மிருதுவாக்கிக் கெடுத்துவிடும். ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். முழு உயரம் எழாததற்கு எண்ணெய் குறைவது அல்லது காற்று புகுந்திருப்பது காரணமாக இருக்கும். ஜாக்கியின் கையை முழுவதும் இறக்கி, ஜாக்கியை இறக்க உதவும் ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை பம்ப் செய்து காற்றை வெளியேற்றுங்கள். பிறகு, கை இறங்கிய நிலையிலேயே எண்ணெயை நிரப்புங்கள். இறங்குவது வேறு கோளாறு: ரிலீஸ் வால்வின் அமர்விடத்தில் தூசி இருக்கலாம், இல்லையேல் சீல் தேய்ந்திருக்கும்.

நம் கடற்கரை ஊர்களில் சீல் தேய்வதற்கு உப்பே பெரும்பாலும் காரணம். ஜாக்கியை உயர்த்திய நிலையில் மூலையில் நிறுத்திவிட்டால், வெளியே நீண்டிருக்கும் பளபளப்பான தண்டில் துரு அரித்துக் குழிகள் விழுகின்றன. அடுத்த முறை இறக்கும்போது அந்தக் குழிகள் சீலைக் கீறுகின்றன. எப்போதும் முழுவதும் இறக்கி வையுங்கள், சக்கரங்களுக்கும் இணைப்புகளுக்கும் மழைக்கு முன்னும் பின்னும் கிரீஸ் இடுங்கள். அலுமினிய ஜாக்கி எடை குறைவு, தூக்கி வைக்க வசதி. ஆனால் அதன் தண்டும் இணைப்பு ஊசிகளும் எஃகுதான், அலுமினியமும் எஃகும் சேருமிடத்தில் உப்பு ஈரம் அரிப்பைக் கூட்டுகிறது. ஓரிடத்திலேயே வைத்து வேலை செய்கிறவருக்கு எஃகு ஜாக்கியையே நான் சொல்வேன். உங்கள் தண்டை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள்: வழுவழுப்பாக இருந்தால் புது சீல் போட்டால் போதும்; நகம் குழியில் தட்டினால், எத்தனை சீல் மாற்றினாலும் அது மீண்டும் இறங்கும், தண்டையே மாற்ற வேண்டும்.