கத்தரியால் வெட்டினால் கார்ட் மூடப்படாது

கேள்வி: இரண்டு கடனட்டை வைத்திருக்கிறேன். ஒன்றில் மினிமம் மட்டும் கட்டுகிறேன், மற்றதைப் பாவிப்பதில்லை. அதை மூடினால் கிரிப் ஸ்கோர் (கடன் தகவல் பணியகம் போடும் புள்ளி) கூடுமா?

நானும் கிளிநொச்சிப் பக்கம்தான், வயலும் சின்னக் கடையும். முதலில் நான் ஒரு கார்ட்டை ‘மூடிய’ கதையைச் சொல்கிறேன். நிலுவையை முழுக்கக் கட்டிவிட்டு, கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். வங்கிக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. ஆண்டுக் கட்டணம் விழுந்திருக்கிறது, அதற்குத் தாமதக் கட்டணம், அதன்மேல் வட்டி. எஸ்எம்எஸ் எல்லாம் நான் கைவிட்ட பழைய நம்பருக்கு. லேண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) லீசிங் கேட்கப் போன இடத்தில் அங்கிருந்த தம்பி, “அண்ணை, கிரிப்பில் நிலுவை காட்டுதே” என்றபோதுதான் தெரியும்.

ஊரில் ‘கிரிப்பில் பேர் விழுந்திட்டுது’ என்பார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவனின் பேரும் அங்கே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த கடன் தகவல் பணியகம் அது. வங்கியும் லீசிங் கம்பனியும் அனுப்பும் விபரத்தை வைத்திருக்கும், கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பதில்லை. ஸ்கோர் 250 முதல் 900 வரை.

மினிமத்தைத் தவணைக்குள் கட்டினால் ‘தாமதம்’ என்று பதியாது. ஆனால் கடன் அசையாது, வட்டி மட்டும் ஓடும். லிமிட்டை முட்டிக்கொண்டு நிற்கும் நிலுவையைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் யோசனை வரும். அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோரில் தவணை தவறாமைக்கு 35 வீதம், கடன்பட்ட தொகைக்கு 30 வீதம். கனடாவில் லிமிட்டின் 30 வீதத்துக்குள் வைத்திருக்கச் சொல்வார்கள். இங்கேயும் அந்தக் கணக்கைப் பிடிப்பது நல்லது.

எங்களுக்கு இடிக்கும் இடம் வேறு. காலபோக விதைப்புக்கு நகையை அடகு வைத்து, மாசி பங்குனியில் நெல் விற்று மீட்டுப் பழகியவர்கள் நாங்கள். அடகு அறுவடை வரை பொறுக்கும், பசளைக் கடைக்காரரும் பொறுப்பார். கார்ட் மாதா மாதம் கேட்கும். அதனால் டீசலுக்கும் பசளைக்கும் கார்ட்டைத் தேய்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். கடைக்குச் சாமான் வாங்க மட்டும்தான். அதையும் ஸ்டேட்மன்ட் போடும் திகதிக்கு முன்பே பாதிக்கு மேல் கட்டிவிடுவேன், அப்போதுதான் ஸ்டேட்மன்டில் விழும் நிலுவை குறைவாக இருக்கும்.

சரி, மூடலாமா? ஒரு கார்ட்டின் லிமிட் ஒரு லட்சம், பாவிக்காததன் லிமிட் இரண்டு லட்சம், நிலுவை 60,000 என்று வையுங்கள். மொத்த லிமிட்டில் அது 20 வீதம். பெரியதை மூடிய அன்றே 60 வீதமாகிவிடும், நீங்கள் ஒரு சதமும் கூடக் கடன்படாமலே. ஆகவே முதலில் நிலுவையை இறக்குங்கள். ஆண்டுக் கட்டணத்தை விலக்கித் தருவார்களா என்று கேளுங்கள். மறுத்தால் பிறகு மூடலாம். மூடும்போது எழுத்தில் கொடுத்து, நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

இதற்கெல்லாம் முன், கிரிப்பிடம் உங்கள் சொந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான் எடுத்தபோது, மச்சானுக்குப் பிணை நின்ற லீசிங்கும் அதில் இருந்தது. கையெழுத்து வைத்ததையே நான் மறந்துபோயிருந்தேன்.