டொமைன் கேட்டால் யானை விலை சொல்கிறார்களே!

கேள்வி: எங்கள் மசாலாப் பொடி வியாபாரத்துக்கு ஆறு வருடமாக ஒரே பெயர். அதே பெயரில் டாட் காம் இணையதள முகவரி (டொமைன்) பதியப் போனால், வேறொருவர் கையில் இருக்கிறது. திறந்தால் வெறும் விளம்பரப் பக்கம்தான். அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அவர் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். டாட் காம் பெயரின் மொத்த விற்பனை விலையே 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலராகத்தான் இருந்தது. பத்து வருடம் விற்காமல் வைத்திருந்தாலும் அவருக்குப் பெரிய நட்டமில்லை. அதனால், "இந்த வாரத்துக்குள் சொல்லாவிட்டால் விட்டுவிடுவேன்" என்ற மிரட்டலெல்லாம் எடுபடாது. ஆனால் இப்படிப் பெயர்களை வாங்கி வைப்பவர்களுக்கு வருடத்தில் விற்பது கொஞ்சம்தான். காசோடு வருகிற ஆளை லேசில் விடமாட்டார்கள். உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

மெயில் போடுவதற்கு முன், அதே பெயரில் டாட் இன் காலியாக இருந்தால் பதிந்துவிடுங்கள். பேச்சு தொடங்கிய பிறகு அதையும் அவரே மடக்கிப் போட்டால் தொல்லை. அடுத்து, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். 2018 மே மாதம் ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலானதிலிருந்து உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். பதிந்த தேதி, முடியும் தேதி, ரிஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்), நேம்சர்வர் (பெயரைத் தளத்தோடு இணைக்கும் சர்வர்) ஆகியவை தெரியும். நேம்சர்வரில் செடோ, ஆஃப்டர்னிக் என்ற டொமைன் சந்தைகளின் பெயர் இருந்தால் விற்கத்தான் வைத்திருக்கிறார். இரண்டு சந்தையிலும் தேடுங்கள். ஒரே பெயருக்கு இங்கே ஒரு விலை, அங்கே ஒரு விலை போட்டிருப்பதுண்டு. இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பக்கங்களைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நடுவில் சூதாட்டத் தளமாக ஓடிய பெயரென்றால் கூகுளில் மேலே வருவது கஷ்டம், உங்கள் மெயிலும் ஸ்பேமுக்குப் போகலாம்.

மெயிலுக்கு மூன்று வரி போதும்: "இந்தப் பெயரை விற்க விருப்பமா? 30,000 ரூபாய் தருகிறேன். எஸ்க்ரோவில் உடனே பணம் கட்டத் தயார்." (எஸ்க்ரோ என்பது பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் சேவை.) தொகை சொல்லாமல் "என்ன விலை?" என்று மட்டும் கேட்டால் பலர் பதிலே போடுவதில்லை. கடையின் மெயிலிலிருந்து அனுப்பாதீர்கள், ஆறு வருட வியாபாரக் கதையும் வேண்டாம். டொமைனுக்கென்று தனி விலை கிடையாது; கேட்கிற ஆளின் பையைப் பார்த்துத்தான் விலை. 2010இல் எஃப்பி டாட் காம் என்ற பெயருக்காக அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றுக்கு ஃபேஸ்புக் கொடுத்தது 85 லட்சம் டாலர். ஊர்க்கடைக்காரர் கேட்டிருந்தால் அந்தத் தொகை எழுந்திருக்குமா? அதற்காகப் பொய்யும் வேண்டாம். 'காலேஜ் ப்ராஜெக்ட்' கதையைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்துவிட்டது. தம்பியை விட்டு ஒரு மெயில், சிநேகிதியை விட்டு ஒரு மெயில் என்று ஆழம் பார்த்தால், மூன்று பேர் கேட்கிறார்கள் என்று விலைதான் ஏறும்.

உங்கள் உச்சவரம்பு 55,000 என்று வைத்துக்கொள்வோம். 30, 42, 49, 53 என்று ஏறுங்கள். ஏற்றம் சுருங்கச் சுருங்க, பை காலியாகிறது என்று அவருக்கே புரியும். 30, 40, 50 என்று போனால் அடுத்து 60 வரும் என்று உட்கார்ந்திருப்பார். மூன்று லட்சம் கேட்டால் கோபப்படாமல், "என்னால் முடிந்தது இவ்வளவுதான்" என்று ஒரு வரி எழுதிவிட்டு டாட் இன்னில் கடையைத் திறந்துவிடுங்கள். அவருடைய ரினிவல் தேதிக்கு ஒரு மாதம் முன்பு அதே தொகையோடு மறுபடி போய் நில்லுங்கள்.

கேள்வி: ஒரு டொமைனுக்கு விலை படிந்துவிட்டது. பாதிப் பணம் முதலில் போட்டால் பெயரை மாற்றிக்கொள்வதற்கான கோடு தருகிறேன் என்கிறார் விற்பவர். போடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: போடாதீர்கள். எஸ்க்ரோ சேவையில் நீங்கள் பணம் கட்டுவீர்கள், அவர் பெயரை மாற்றுவார், வந்து சேர்ந்ததென்று நீங்கள் சொன்ன பிறகே பணம் அவருக்குப் போகும். அவர் அனுப்பும் எஸ்க்ரோ லிங்கை அழுத்த வேண்டாம். போலித் தளங்கள் இருக்கின்றன. முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

அவருடைய ரிஜிஸ்ட்ராரிலேயே நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி, 'புஷ்' செய்யச் சொல்லுங்கள், அதாவது அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றுவதென்றால் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டை எடுத்து, ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டைத் தர வேண்டும், ஐந்தாறு நாள் பிடிக்கும். பெயர் சமீபத்தில்தான் பதியப்பட்டதோ மாற்றப்பட்டதோ என்றால் 60 நாள் பூட்டும் குறுக்கே வரலாம்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நேம்சர்வரை மட்டும் உங்கள் பக்கம் திருப்பிவிட்டு, "பாருங்கள், உங்கள் சைட் வருகிறதே, பணத்தை விடுங்கள்" என்பார்கள். சைட் தெரிந்தால் பெயர் உங்களுடையது ஆகிவிடாது. உங்கள் கணக்கில் டொமைன் உட்கார்ந்து, உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரும் மெயிலும் வந்த பிறகு சரி சொல்லுங்கள். உடனே பூட்டைப் போட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் தானியங்கி ரினிவலையும் இயக்குங்கள். பழைய டிஎன்எஸ்செக் பதிவு (பெயருக்கான பாதுகாப்புக் கையொப்பம்) ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்குங்கள். நேம்சர்வரை மாற்றியதும் அதனால் பலருக்கு சைட் திறக்காமல் போகலாம்.

கேள்வி: நான் கேட்கும் பெயர் அடுத்த மாதம் காலாவதியாகிறது. அதுவரை காத்திருந்து சல்லிசாகப் பதிந்துவிடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அடுத்த மாதமே கிடைக்காது. டாட் காமில் தேதி முடிந்த பிறகும் 45 நாள் வரை அவகாசம் தரப்படலாம், அதற்குப் பின் மீட்புக் காலம் 30 நாள், அழிப்புக்கு 5 நாள். நல்ல பெயரென்றால் அந்த முதல் கட்டத்திலேயே ரிஜிஸ்ட்ரார் ஏலத்துக்கு விட்டுவிடலாம். தப்பி வெளியே வந்தாலும், அந்த நொடியில் பிடிக்கத் தானியங்கி நிரல்கள் காத்திருக்கும். அவரோடு இப்போதே பேசுங்கள், ஏலத்திலும் ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: எங்களிடம் டிரேட்மார்க் இருக்கிறது. எங்கள் பெயரிலுள்ள டொமைனைப் பணம் கொடுக்காமலே பிடுங்க முடியாதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: யார் முந்தி என்று பாருங்கள். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டென்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லிவிட்டது. டாட் காமுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவிடம் புகார் செய்யலாம். ஒரு நடுவர் என்றால், ஐந்து பெயர்கள் வரை கட்டணம் 1,500 டாலர், வக்கீல் செலவு தனி. டாட் இன்னுக்கு, அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் நடைமுறை இருக்கிறது. வைப்போவில் பெயர் உங்கள் டிரேட்மார்க்கை ஒத்திருப்பதையும், அவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லாததையும், கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துவதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். உங்கள் வியாபாரம் பிறப்பதற்கு முன்பே அவர் பதிந்திருந்தால் கடைசி அம்சம் பெரும்பாலும் நிற்காது. அப்போது 1,500 டாலரைப் புகாரில் கரைப்பதைவிட அவரிடமே கொடுத்துப் பேரம் பேசுவது மேல்.