அப்பாவின் ஒஸ்டின் மினியும் இன்றைய மினியும்

கேள்வி: என் தந்தையார் 1974ஆம் ஆண்டில் இரண்டாங்கையாக வாங்கிய ஒஸ்டின் மினி காரை எங்கள் குடும்பம் இன்றும் பராமரித்து வருகிறது. அண்மையில் கொழும்பில் அதே பெயர் தாங்கிய புதிய கார் ஒன்றைக் கண்டேன். ஐந்து கதவுகளும் ஜீப்பைப் போன்ற உயரமுமாக அது நின்றதைப் பார்த்தபோது, பெயர் இன்னும் வாழ்கிறதே என்ற மகிழ்ச்சியும், எங்கள் காரை யாரோ பறித்துக்கொண்டார்கள் என்ற மனத்தாங்கலும் ஒன்றாகவே எழுந்தன. இது வெறும் பழைய நினைவு என்கிறான் மகன். என் மனக்குறையில் நியாயம் உண்டா?
— வாசகர், உப்புவெளி

பதில்: நியாயம் உண்டு. ஆனால் அந்த மனக்குறை எதைப் பற்றியது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

1956இல் சுயஸ் கால்வாய் நெருக்கடி ஏற்பட்டு, பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட நாட்களில்தான் இந்தக் காருக்கான தேவை பிறந்தது. (நமது திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை நிலைகொண்டிருந்த இறுதிக் காலமும் அதுவே, 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.) குறைந்த எரிபொருளில் நான்கு பேரை ஏற்றிச் செல்லும் உண்மையான கார் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பெட்டியை அதன் அடியிலேயே அமைத்து, பத்து அங்குலச் சில்லுகளைப் பூட்டி, 3.05 மீற்றர் நீளமே உள்ள காரின் தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பயணிகளுக்கும் பொதிகளுக்கும் ஒதுக்கிக் கொடுத்தார். 1959 ஓகஸ்ட் 26இல் அறிமுகமான தொடக்கக் கார்களில் கதவின் உட்புறக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கயிறுதான் இருந்தது. கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்க வேண்டும். கண்ணாடியை இறக்கும் பொறி இல்லாததால் மிஞ்சிய இடம் கதவுக்குள் பெரிய பையாக மாறியது. சிக்கனமே அந்தக் காரின் அழகாக இருந்தது.

எனவே, உரிமையாளர் மாறியதற்காகவோ இன்றைய மினிகளில் சில மின்சாரத்தில் ஓடுவதற்காகவோ வருந்தத் தேவையில்லை என்பது என் கருத்து. 1994இல், அப்போது மினியைத் தயாரித்துவந்த ரோவர் குழுமத்தை வாங்கிய ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, 2000இல் அதை விற்றபோதும் மினி என்ற பெயரை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஒக்டோபரில், 53 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்குப் பின்னர், பழைய மினியின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. புதிய கார் 2001இல் ஒக்ஸ்போர்டில் உருவானது. பழைய மினியும் தொடக்க ஆண்டுகளில் அங்கே தயாரிக்கப்பட்டதுதான். அந்தத் தொடர்ச்சியை நான் மதிக்கிறேன். பெற்றோல் தட்டுப்பாட்டில் பிறந்த கார் பெற்றோலே வேண்டாம் என்று சொல்வதிலும் முரண்பாடு இல்லை.

உங்களை உறுத்துவது அளவு. மோதல் பாதுகாப்பு விதிகளும் காற்றுப்பைகளும் எந்தக் காரையும் ஓரளவு பெருக்கவே செய்யும், அதை ஏற்கலாம். ஆனால் நீங்கள் கண்ட கார் கன்ட்ரிமன் வகையாக இருக்க வேண்டும். அதன் இன்றைய வடிவம் 4.4 மீற்றரைத் தாண்டுகிறது. சிறியதாக இருப்பதற்கென்றே பிறந்த பெயரை அதன்மேல் ஒட்டும்போது, உங்களைப் போன்றவர்கள் மனம் நோவது இயல்பே. அதைப் பழைய நினைவு என்று ஒதுக்குவது சரியல்ல. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று கிடைத்தபோது, சிறிய காரின் அருமை நம் எல்லோருக்கும் விளங்கியதே!

அது இருக்கட்டும், உங்கள் காருக்கு உண்மையான ஆபத்து நம் கடற்காற்றுத்தான். மினியில் பின்சில்லுகளைத் தாங்கும் அடிச்சட்டம் வெளியே தெரியாமலே துருவேறும். மாரி மழை தொடங்குமுன் காரை உயர்த்தி, அந்தச் சட்டத்தையும் கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் தகடு உளுத்திருக்கும். மகனையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர், கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் அவரையே ஓட்டச் சொல்லுங்கள்.