பழைய சைக்கிள் பிரேமின் உள்ளே துரு இருந்தால் என்ன செய்வது?

பழைய எஃகு சைக்கிளின் சீட் பில்லரைக் கழற்றியதும் குழாயிலிருந்து செந்தூள் கொட்டியது, பிரேமை எறிந்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூள் மட்டும்தான் என்றால் தேவையில்லை. சீட் குழாய் வழியே இறங்கும் மழைநீர் பெடல் அச்சுக் கூட்டில்தான் தேங்கும் என்பதால், அச்சைக் கழற்றி, அங்கே சேரும் குழாய்களின் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்த இடத்தைக் கூரான கம்பியால் அழுத்தும்போது உலோகம் உள்வாங்கினால், தயவுசெய்து அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள், ஓட்டத்திலேயே முறியலாம்.

உறுதியாக இருந்தால், பிரேமைக் கவிழ்த்துத் தட்டித் துருவை உதிர்த்து, நீண்ட கம்பிப் பிரஷால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தபின், பெயிண்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்துப் பரவவிட்டு, மிகுதியை வடித்துவிடுங்கள். சில நாட்களில் அது இறுகிப் படலமாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்தே உலர்த்துங்கள்.