தானே ஒட்டிக்கொள்ளும் ஃபில்லிங்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சொத்தைப் பல்லுக்கு வைத்த வெள்ளை ஃபில்லிங் விரிசல் விட்டுவிட்டது. விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் ரகம் இருக்கிறதாமே, டாக்டரிடம் கேட்டு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு முடியாது. அது ஆய்வுக்கூடச் சரக்கு. 2001இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் எபாக்சி பிசினுக்குள் திரவம் நிரம்பிய நுண்கேப்சூல்களைக் கலந்து காட்டினார்கள். விரிசல் ஓடிவந்து கேப்சூலை உடைக்கும், திரவம் கசிந்து இறுகும். ஆனால் அவர்கள் திரவமாக வைத்த டைசைக்ளோபென்டாடையீனும், அதை இறுக வைக்கும் ருத்தீனியம் வினையூக்கியும் வாய்க்கு ஆகாது. பல் பிசினுக்கு டெக்டிஎம்ஏ திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான ஃபில்லிங்குகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் பொருள் அது. அதனுடன் அமீன் ஒன்றைச் சேர்த்துக் கேப்சூலில் அடைத்து, பென்சாயில் பெராக்சைடை வெளிப்பிசினில் வைக்கிறார்கள். அமீனும் பெராக்சைடும் சேர்ந்தால்தான் திரவம் இறுகும்; முன்பே இரண்டையும் ஒன்றாக வைத்தால் அப்போதே இறுகிவிடும். மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சோதனைகளில் முறிவு தாங்கும் திறன் 65 முதல் 81 சதவீதம் வரை மீண்டது.

கேள்வி: முதுகலை வேதியியல் படிக்கிறேன். யூரியா–ஃபார்மால்டிஹைடு பிசினை ஓடாகக் கொண்ட கேப்சூல் செய்தால் வெள்ளை மாவுதான் மிஞ்சுகிறது. என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் அவசரம். 200 மி.லி. நீர், 2.5 சதவீத எத்திலீன்–மாலெயிக் அன்ஹைட்ரைடு கரைசல் 50 மி.லி., யூரியா 5 கிராம், அம்மோனியம் குளோரைடு, ரெசார்சினால் தலா அரை கிராம். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச்சை 3.5க்குக் கொண்டுவாருங்கள். நுரைக்கு ஆக்டனால் இரண்டு சொட்டுப் போதும். 60 மி.லி. எண்ணெய்த் திரவத்தை மெல்ல ஊற்றி 10 நிமிடம் கலக்கியபின், 37 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் (ஃபார்மலின்) 12.67 கிராம் சேர்த்து, நிமிடத்துக்கு 1 டிகிரி என 55 டிகிரிக்கு ஏற்றி 4 மணி நேரம் விடுங்கள். சட்டென்று சூடேற்றினாலோ பிஎச் அதிகம் இறங்கினாலோ, ஓடாக வேண்டிய பிசின் எண்ணெய்த் துளி மேல் படியாமல் நீரிலேயே திரிந்துவிடும். உங்கள் மாவு அதுதான். (ஃபார்மலினை ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் பெட்டிக்கு வெளியே திறக்காதீர்கள்.)

கலக்கும் வேகம்தான் அளவைத் தீர்மானிக்கும். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் பல நூறு மைக்ரான், 2000 என்றால் பத்து மைக்ரானை ஒட்டி வரும். ஓடு 160–220 நானோமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. அதற்கு மெலிந்தால் பிசினில் கலக்கும்போதே உடையும், தடித்தால் விரிசல் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். காய்ந்தபின் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். எண்ணெய் படர வேண்டும்.

கேள்வி: கேப்சூலை இன்னும் அதிகம் போட்டால் பலமுறை ஆறுமா?

பதில்: ஆறாது. உடைந்த கேப்சூல் காலி, அதே இடத்தில் மறுபடி விரிந்தால் கொடுக்க எதுவும் இல்லை. அளவைக் கூட்டினால் ஃபில்லிங்கே வலுவிழக்கும், ஏனென்றால் ஒவ்வொரு கேப்சூலும் பிசினுக்குள் ஒரு மென்மையான குழி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் போடும் எலும்பு சிமெண்ட்டுக்கு ஆக்டைல் சயனோஅக்ரிலேட், அதாவது தோல் காயம் ஒட்டும் பசையைக் கேப்சூலாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஈரம் பட்டாலே இறுகுவதால் அதற்குத் தனி வினையூக்கி வேண்டாம். தொல்லையும் அதுவேதான்: நீரில் செய்யும் மேற்படி முறையை அதற்கு அப்படியே எடுக்க முடியாது.