பாண்டு போட்டால் டாக்டர் நிற்பாரா?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் நம் வரிப்பணத்தில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு அமெரிக்கா, லண்டன் என்று பறக்கிறார்கள். இங்கே நடுராத்திரியில் பிரசவம் சிக்கலானால் மதுரைக்கு எழுதிக்கொடுத்து விடுகிறார்கள். அரசு வேலை பார்ப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டை மீறினால் கட்ட வேண்டிய தொகையை ஒரு கோடியாக்கி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தால் என்ன?
– வாசகர், கீழக்கரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ராமநாதபுரத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். ராமேசுவரத்துக்காரருக்கு இன்னும் தொலைவு. ரத்தப்போக்கு நிற்காத பெண்ணுக்கு அது உயிர் போகிற தூரம். ஆனால் கோபத்தைத் தவறான ஆள் மேல் காட்டுகிறீர்கள்.

கீழக்கரையில் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு உண்டா? அவர்களை யாரும் ஓடிப்போனவர்கள் என்பதில்லை. வரிப்பணத்தில் படித்தவர் டாக்டர் என்பீர்கள். சரி, அதே பணத்தில் படித்தவர் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நம் மாவட்டத்து உச்சிப்புளிக்கு என்ன கிடைத்தது? அவர் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

ஏன் போகிறார்கள் என்று பாருங்கள். மருத்துவ மேற்படிப்பில் சேர எழுதும் நீட் பி.ஜி. தேர்வை ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். விரும்பிய துறை சிலருக்குத்தான் வாய்க்கிறது. 2024-ல் ஜூன் 23 நடக்க வேண்டிய தேர்வை முந்தின ராத்திரி தள்ளிவைத்தார்கள். நடந்தது ஆகஸ்ட் 11. அதற்கு முந்தைய ஆண்டு, காலி இடங்களை நிரப்ப கட்-ஆஃபைப் பூஜ்ஜிய பெர்சன்டைலுக்கே, அதாவது தேர்வெழுதிய எல்லோருக்கும் தகுதி என்கிற அளவுக்கே, இறக்கினார்கள். வருடக்கணக்கில் கண் விழித்துப் படித்தவருக்கு இதைப் பார்த்து என்ன நம்பிக்கை வரும்?

இடம் கிடைத்த பிறகும் நிம்மதி இல்லை. மேற்படிப்பு படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்க்கும் பயிற்சி டாக்டருக்கு வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே எழுதிவைத்தது. 36 மணி நேரம் தொடர்ந்து வார்டில் நிற்பது இன்றும் நடக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் டாக்டர் நீண்ட டூட்டிக்கு நடுவே கண்ணயர ஒதுங்கியவர். அமெரிக்காவிலும் வேலை கடுமைதான். ஆனால் சராசரியாக வாரம் 80 மணிக்கு மேல் கூடாது என்று 2003 முதல் உச்சவரம்பு இருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அங்கே பயிற்சிக்குப் போகிறவர்களில் பலருக்கு ஜே-1 விசா, அதாவது பயிற்சிக்காக வந்து போகிறவர்களுக்கான விசா. பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது விதி. டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால் விலக்கு. இப்படி மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை சிபாரிசு செய்யலாம். அதாவது, நம் சாயல்குடி, தொண்டி போன்ற அவர்கள் நாட்டு ஒதுக்குப்புற ஊர்களுக்கு நம் பிள்ளைகளை அனுப்பி டாக்டர் பற்றாக்குறையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் இந்த வழி நமக்கு முன்பே தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தால் மேற்படிப்பில் 50 சதவீத இட ஒதுக்கீடு என்பதை நம்பித்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ டாக்டர்கள் கிராமத்துக்குப் போனார்கள். இடையில் அது தடைபட்டது. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31 அன்று சொன்ன பிறகுதான் வழி திறந்தது.

பாண்டை ஒரு கோடியாக்கினால் வசதியான வீட்டுப் பிள்ளை கட்டிவிட்டுப் போய்விடும். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வந்த மீனவர் வீட்டுப் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் 100 எம்.பி.பி.எஸ். இடங்களோடு திறக்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது. மேற்படிப்பு மாணவர்கள் நிறைய இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் ராத்திரி 2 மணிக்கும் மகப்பேறுக்கும் மயக்க மருந்துக்கும் ஆள் இருக்கும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பேராசிரியர்களும் ஊரில் தங்குவார்கள். மனநல மருத்துவத்தையும் மறந்துவிடாதீர்கள். நோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த காப்பகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றி 28 பேர் மாண்டது இதே கடலோரத்து ஏர்வாடியில்தான். அந்தத் துறையைக் கற்க நினைக்கும் இளைஞருக்கு இந்த மாவட்டத்தைவிட அவசியமான களம் ஏது?

வேட்பாளர் வீட்டுக்கு வரும்போது பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். நம் கல்லூரியில் எந்தெந்தத் துறையில் எத்தனை மேற்படிப்பு இடங்கள், எத்தனை பேராசிரியர் பணியிடம் காலி, பெண் டாக்டர் ராத்திரி டூட்டியில் பூட்டிக்கொண்டு படுக்க அறை இருக்கிறதா என்று கேளுங்கள்.