கட்டணம் வேறு, 'செலக்ஷன்' பணம் வேறு

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் ஒரு தனியார் கிரிக்கெட் அகாடமியில், தங்கிப் பயிலும் இரண்டு வருட 'தொழில்முறை வீரர் டிப்ளமா'வில் சேர்த்தோம். கட்டணம் 3 லட்சத்து 60 ஆயிரத்தை வங்கி மூலம் கட்டினோம். மாநில ஜூனியர் அணிப் பட்டியலில் பெயர் வர 'மேலே கொடுக்கணும்' என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டதால், தனியாக 5 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தோம். பெயர் வரவில்லை. சாப்பாடு மோசம், நெட்ஸில் பந்து போடவே விடுவதில்லை, எல்லோர் முன்னாலும் திட்டு. 11 மாதத்தில் மகனை அழைத்து வந்துவிட்டோம். அவனுக்கு 17 வயது, இன்னும் ஆட வேண்டும் என்கிறான். கட்டிய பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள் (நகல் இணைத்துள்ளேன்). எஸ்.பி.யிடம் கொடுக்க மோசடிப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 8 லட்சத்து 60 ஆயிரமும், மகனின் ஒரு வருடம் வீணானதற்கு 10 லட்சம் இழப்பீடும் கிடைக்குமா?
- ஒரு தந்தை, ஈரோடு மாவட்டம்

பதில்: அந்தப் புகாரை இன்னும் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

சாப்பாடு, திட்டு, நெட்ஸில் ஓரங்கட்டியது எல்லாம் உங்களுக்கும் பையனுக்கும் எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. அணியில் இடம் கிடைக்காததற்காக எந்த நீதிமன்றமும் ஒரு அகாடமியிடமிருந்து இழப்பீடு வாங்கித் தராது. 10 லட்சத்தை மறந்துவிடுங்கள்.

உங்கள் வழக்கில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: எந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? நீங்கள் 8 லட்சத்து 60 ஆயிரம் என்று ஒரே தொகையாகக் கூட்டி வைத்திருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது இரண்டு பணம்.

கட்டணப் பணத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழி இருக்கிறது. 24 மாதத்துக்கு வாங்கியதில் 13 மாதப் பயிற்சி தரப்படவில்லை. கணக்குப் போட்டால் 1 லட்சத்து 95 ஆயிரம். முழுக் காலக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பாதியில் விலகியவருக்குத் திருப்பித் தர மறுக்கும் கோச்சிங் நிறுவனங்களின் 'திரும்பாது' நிபந்தனையைத் தேசிய நுகர்வோர் ஆணையம் பல வழக்குகளில் ஏற்கவில்லை. ஆனால் 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் அதே ஆணையம், தொழிற்கல்வி, விளையாட்டு உட்பட கல்வி நிறுவனங்களின் பணிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் நிறுவனங்கள் மட்டும் விதிவிலக்கு என்று சொல்லிவிட்டது. 'டிப்ளமா' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் எடுப்பார். அந்த டிப்ளமாவுக்குப் பல்கலைக்கழக அங்கீகாரமோ அரசு அங்கீகாரமோ உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் நோட்டீஸில் 'கல்லூரி', 'படிப்பு' என்ற சொற்களே வரக்கூடாது. 'கட்டணம் வாங்கிக்கொண்டு கோச்சிங் தரும் நிறுவனம்' என்றே எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று சேர்த்துக் கேட்கவும் வேண்டாம். அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போகும், மாவட்ட ஆணையத்தில் அதைக் காட்டியே இழுத்தடிப்பார்கள். சேவைக் குறைபாடு என்று மட்டும் கேட்டால் போதும். வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவை மட்டும் தவற விடாதீர்கள்.

அந்த 5 லட்சம்தான் எனக்குக் கவலை தருகிறது. அணியில் இடம் வாங்கித் தரப் பணம் என்பது 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ன்படி பொது நலனுக்கு விரோதமான பேச்சு, செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்லும் பிரிவு 65 இருக்கிறதே என்பீர்கள். கொடுக்கும்போதே அது சட்டவிரோதம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் அந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே குஜு காலியரீஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? இப்படிப்பட்ட குடும்பங்கள் இதில் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பயிற்சியாளர் 'நான் வாங்கவே இல்லை' என்பார். உங்களிடம் ரசீது இல்லை. ரொக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். மோசடி வழக்கு பதியவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318-ல் பதியலாம். ஆனால் அது அவரைத் தண்டிக்கும் வழி, உங்கள் பணத்தை வசூலிக்கும் வழி அல்ல. பெரும்பாலும் 'சிவில் விவகாரம்' என்று முடித்துவைப்பார்கள்.

அதற்குள் 'மகனுக்கு இடம் வாங்கப் பணம் கொடுத்தேன்' என்று நீங்களே கையெழுத்திட்ட தாள் அரசாங்கக் கோப்பில் ஏறிவிடும். எதிர்த்தரப்பு அதன் நகலை நுகர்வோர் ஆணையத்தில் போட்டு, 'இவர் சுத்தமான கையோடு வரவில்லை' என்று வாதிடும். ஜெயிக்க வேண்டிய கட்டண வழக்கும் அங்கே தள்ளாடும். 'மேலே' என்று அவர் சொன்ன ஆள் ஒரு அரசு ஊழியராக இருந்துவிட்டால் இன்னும் மோசம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவருக்கும் 7 வருடம் வரை தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர்கூட 7 நாளுக்குள் புகார் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாள் எப்போதோ போய்விட்டது.

எல்லாவற்றையும்விட, பையனுக்கு 17 வயதுதான் ஆகிறது, இன்னும் ஆட வேண்டும் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பெயர் அந்தப் புகாரில் இருக்கும். நாளை அவனைப் பார்க்கப்போகும் தேர்வாளர்களின் காதுக்கு அது போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். நீங்களாகப் போய் எழுதிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த 5 லட்சம் போய்விட்டது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, இனி என்ன செய்வது? கட்டணத்துக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பி, சமரசத்துக்கு இறங்குங்கள். ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம், டி.டி. கைக்கு வந்த பிறகே கையெழுத்து.

பணத்தைவிட முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டியது வேறொன்று. நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலின் கடைசிப் பக்கத்தில், மகனின் ஆட்ட வருமானத்தில் 20 சதவீதம் 8 வருடத்துக்கு அகாடமிக்கு என்று இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவே இல்லை. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ல் மோகரி பீபி வழக்கிலிருந்தே தெளிவு. 18 வயது ஆன பின் அதை 'ஒப்புக்கொண்டேன்' என்று உயிர்ப்பிக்கவும் முடியாது. அதனால் சமரசப் பத்திரம் என்ற பெயரில் அதே நிபந்தனையைப் புதிதாக நுழைக்கப் பார்ப்பார்கள், அல்லது பையனுக்கு 18 முடிந்ததும் அவனிடமே நேரடியாகக் கையெழுத்து கேட்பார்கள். மகன் மீதும் அவன் எதிர்கால வருமானத்தின் மீதும் அகாடமிக்கு எந்த உரிமையும் இல்லை என்ற ஒரு வரி அந்தப் பத்திரத்தில் கட்டாயம் வர வேண்டும். அந்த வரியைத் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாவட்ட ஆணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.